அவ சொல்லி முடிக்கட்டும்

கைபேசி மூன்றாவது முறையாக அதிர்ந்தபோது அவன் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்தி உட்கார்ந்து, சுவரோடு போகும் இரும்புத் தண்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கோ ஓர் உரசல். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் அகப்படும். முதல் இரண்டு அழைப்புகளையும் விட்டுவிட்டான். கையெல்லாம் கிரீஸ். மூன்றாவதற்குக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தான். மைத்துனன். இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்து ஏழு வருஷம் இருக்கும்.

"நான்தான்" என்றது குரல். ஒரு காலத்தில் வாய்க்கு வாய் மாமா என்று கூப்பிட்டவன். "அக்காவுக்கு மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருச்சாம். காலையில பாத்ரூம்ல விழுந்து கிடந்திருக்கா. பக்கத்து வீட்டு பார்லர் அக்காதான் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. வென்டிலேட்டர்ல வச்சிருக்காங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பெரியாஸ்பத்திரிதான். அங்க அப்புறம் போகலாம். முதல்ல ஸ்கூலுக்குப் போங்க. பிள்ளைக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவ ஸ்கூல் வேன் ஏறின பிறகுதான் அக்கா விழுந்திருக்கா. நான் ரயில்ல இருக்கேன், வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாராம்." ரயில் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான். "உங்களைக் கூப்பிடணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. வேற ஆளே இல்ல."

கூண்டைக் கீழே இறக்கி, மின்சாரத்தை நிறுத்தி, 'பழுது' என்ற பலகையை மாட்டினான். கொக்கி இரண்டு முறை நழுவியது. கீழே காய்கறிப் பையோடு நின்றிருந்த நாலாவது மாடிப் பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஒரு மணி நேரத்துல முடிச்சிடறேன்னு சொன்னியே?"

"அவசரமாப் போகணும் சார்."

"எனக்கும் அவசரம்தான். என் முட்டிகிட்ட கேட்டுப் பாரு."

வாட்ச்மேன் குறுக்கே வந்து, "என்னண்ணே, முகமே சரியில்லையே?" என்றார்.

"வீட்டுல உடம்பு சரியில்ல."

சொன்ன பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. வீட்டுல. ஏழு வருஷமாக அவன் வாயில் வராத சொல். பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கினார்.

*

காது கேளாதோர் பள்ளியின் அலுவலகத்தில் இருந்த அம்மாள் ஒரு தடித்த பதிவேட்டைத் திருப்பிக்கொண்டே, "நீங்க யாரு?" என்றாள்.

"அப்பா."

விரல் வரிசையில் இறங்கியது. "அம்மா இருக்கு. மாமா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க பேர் ஒண்ணு இருக்கு. அப்பான்னு யாரும் இல்லையே?"

"இருக்காது. தெரியும். அவங்க அம்மா சாகக் கிடக்கறாங்க, மேடம்."

"அப்படிச் சொல்லிட்டு யார் வேணும்னாலும் வரலாம் இல்லையா? தப்பா எடுத்துக்காதீங்க." அவள் முகத்தில் கடுமை இல்லை, கவலைதான் இருந்தது. அம்மாவின் எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி சுழற்றினாள். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். பத்து நாற்பது. பத்து நாற்பத்தொன்று. மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். பார்லர்க்காரியின் குரல் மேஜையைத் தாண்டி அவன்வரை கேட்டது: "ஐயோ, அனுப்புங்க மேடம்! அந்த ஆள்தான். அனுப்பித் தொலைங்க!"

வகுப்பாசிரியை வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் பக்கம் திரும்பினாள். "அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"லேசா காய்ச்சல்னு ஏதாவது..."

"அவளுக்குப் பன்னெண்டு வயசு சார். கைக்குழந்தை இல்ல. அப்புறம் நாளைக்கு என்னை நம்புவாளா?"

"அப்ப நானே சொல்லிக்கறேன்."

"உங்களுக்குச் சைகை தெரியுமா?"

"தெரியாது" என்றான். ஆசிரியை அவன் முன்னால் நேராக வந்து நின்றாள். "உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா. நேரா நின்னு, மெதுவாப் பேசுங்க. கத்தாதீங்க. கத்தினா முகம் கோணிக்கும், ஒரு எழுத்தும் புரியாது."

மகள் வந்தாள். விரல்களில் நீல வர்ணம் காய்ந்திருந்தது. ஏழு வருஷத்தில் நாலு தடவை பார்த்திருக்கிறான். கடைசித் தடவை அவள் அவன் இடுப்புயரம். இப்போது தோளைத் தொடுகிறாள். அவனைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். யார் என்று தெரியாமல் நின்ற நிற்பு அல்ல அது, தெரிந்து நின்றது. கைகள் ஆசிரியையைப் பார்த்து வேகமாக எதையோ கேட்டன.

"அம்மா எங்கேன்னு கேக்கறா."

அவன் நேராக நின்றான். "அம்மாவுக்கு... உடம்பு சரியில்ல. கொஞ்சம். ஆஸ்பத்திரியில இருக்கா."

அவள் அவன் உதடுகளைப் பார்த்தாள். பிறகு கண்களைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்ததைவிடக் கண்ணைத்தான் அதிக நேரம் பார்த்தாள். திரும்பிப் போய்ப் பையை எடுத்து வந்தாள்.

*

மோட்டார் சைக்கிளில் அவள் அவனைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தாள். சாலையில் எங்கோ குழாய் பதிக்கிறார்கள் போல; வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. ஓரம் கட்டி எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?" பார்லர்க்காரிதான். "பிரஷர் இறங்கிக்கிட்டே போகுதாம். நர்ஸம்மா வந்து, யாராவது வரணும்னா சீக்கிரம் வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. இங்க நான் ஒருத்தியாத்தான் நிக்கறேன்."

"வந்துட்டே இருக்கோம்" என்றான். சொல்லும்போது பக்கக் கண்ணாடியில் மகளின் கண்கள் தெரிந்தன. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. ஒருவேளை புறப்பட்டதிலிருந்தே.

தோளில் பலமாக ஒரு தட்டு விழுந்தது. திரும்புவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். பையிலிருந்து நோட்டை எடுத்து, வண்டியின் இருக்கைமேல் வைத்து எழுதி அவன் பக்கம் திருப்பினாள்.

'கொஞ்சம் இல்லை. நிஜத்தைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஏற மாட்டேன்.'

பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஏறு என்று சொல்ல நினைத்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். அந்தச் சத்தத்தில் அவன்தான் துடித்தான். அவள் பேனாவை நீட்டியபடி அப்படியே நின்றாள். கையெழுத்து அழகாக, அச்சுக் கோத்ததுபோல் இருந்தது. அந்தக் கையெழுத்தை அவன் பார்ப்பது இதுதான் முதல் முறை.

பேனாவை வாங்கி எழுதினான். 'அம்மா தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. நினைவு இல்லை. மெஷின்தான் மூச்சு விடுகிறது. பிழைப்பது' என்றவரை வந்து நின்றான். அவள் விரல் அந்த இடத்தைத் தட்டியது. 'கஷ்டம்' என்று எழுதினான். எழுதிய பிறகு அதை அடித்துவிட்டு, 'பிழைக்க மாட்டாள் என்கிறார் டாக்டர்' என்று எழுதினான்.

அவள் இரண்டு முறை படித்தாள். நோட்டை மூடி, பையில் வைத்து, ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. சிக்கலை விடுவித்து முழுவதும் மூடினாள். பிறகு ஏறி உட்கார்ந்து அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். போ.

*

பார்லர்க்காரி கழுத்தில் ஏப்ரனோடு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருந்தாள். மணிக்கட்டில் தலைமுடிச் சாயத்தின் கறை. மகளைக் கண்டதும் இழுத்து அணைத்துக்கொண்டாள். "என் மைனா, என் மைனா" என்று அவள் தலைமேல் வாயை வைத்து அரற்றினாள். மகள் சின்ன வயதிலிருந்து சிறகடிப்பதுபோல் கையை அடித்து அடித்துப் பேசிக்கொண்டே இருப்பாளாம். அதனால் அந்தப் பெயர். பார்லர்க்காரிதான் பிறகு சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாத பெயர்.

அவனைத் தனியாக இழுத்து, "பிள்ளைகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, தாங்காது" என்றாள்.

"சொல்லிட்டேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் அவனைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் வந்தார். இளைஞர். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் சிவந்திருந்தன. அவனைப் பார்த்து, ஆபரேஷன் செய்யும் நிலை தாண்டிவிட்டது, கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை, மருந்தின் பலத்தில்தான் ரத்த அழுத்தம் நிற்கிறது, இன்னும் ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ என்றார். மகள் அவன் சட்டைக் கையை இழுத்தாள். அவன், இரு என்று கை காட்டினான். டாக்டர் பேசிக்கொண்டே போனார். அவள் மறுபடி இழுத்தாள். முகத்தின் முக்கால்பாகம் மூடிய ஒருவரை அவள் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்" என்றான். "மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிட்டு இவளைப் பார்த்துச் சொல்லுங்க. இவளுக்குக் காது கேக்காது. உதட்டைப் பார்த்தாப் புரியும். உள்ள இருக்கறது இவளோட அம்மா."

"சின்னப் பொண்ணாச்சே..."

"என்னைவிட இவளுக்குத்தான் தெரியணும்."

டாக்டர் தயங்கினார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, முட்டியை மடித்துக் குனிந்து, "அம்மாவுக்கு வலி இல்ல" என்றார், ஒவ்வொரு சொல்லாக. மகள் ஒரு உள்ளங்கையை மல்லாத்தி, பிறகு மெதுவாக நிமிர்த்திக் காட்டினாள். எழுந்திருப்பாளா? யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் தலையை ஆட்டினார். இல்லை.

*

மனைவியை அவன் கடைசியாகப் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசலில். சட்டத்துக்குள் லென்ஸைப் பொருத்தி, விளக்குக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போகவில்லை. இப்போது தலை வீங்கி, வாயில் குழாயோடு, வேறு யாரோ போலக் கிடந்தாள். மெஷின் நெஞ்சைத் தூக்கி இறக்கியது.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டுகளும் துணிப்பட்டையால் கட்டிலின் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன.

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாய்ந்து போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"ஏய், தொடாதே! பாப்பா, கையை எடு!" நர்ஸ் ஓடி வந்தாள். காது கேட்காத பிள்ளையின் புஜத்தைப் பிடித்து இழுத்தாள். மகள் உதறினாள். மருந்துக் கம்பம் ஆடியது. அடுத்த கட்டிலில் இருந்த முதியவர் கண் விழித்தார்.

அவன் அசையாமல் நின்றான். கம்பி, பட்டை, முடிச்சு.

ஏழு வருஷத்துக்கு முன்பு. மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. கையால் பேச விட்டால் வாய்ப் பேச்சு வரவே வராது என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் சொல்லியிருந்தார். மனைவி வேலையிலிருந்து திரும்பாத ஒரு சாயங்காலம், பிள்ளை கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டியது. தண்ணீர். அவன் டம்ளரை எட்டத்தில் வைத்தான். சொல்லு, தண்ணின்னு சொல்லு. பிள்ளை மறுபடி விரலைக் காட்டியது. அவன் துண்டை எடுத்து அந்தக் கைகளை நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டினான். சொல்லு. நல்லதுக்குத்தான் என்று நினைத்தான்; அந்த அரை மணி நேரமும் அப்படித்தான் நினைத்தான். மனைவி கதவைத் திறந்து வந்தாள். முடிச்சை அவிழ்த்தாள், தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் காலையில் இருவரும் இல்லை.

"சிஸ்டர், விடுங்க அவளை" என்றான். தன் குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது. போய் இருவருக்கும் நடுவில் நின்றான். "அந்தக் கட்டை அவுத்துடுங்க."

"டியூபைப் பிடுங்கிடுவாங்க சார். எங்களுக்கு ரூல் அதுதான்."

"பிடுங்கற நிலைமையிலயா இருக்கா? ரெண்டு பேரும் பேசிக்கறதே கையாலதான் சிஸ்டர். அவ வாயைக் கட்டினாக்கூட இவ இவ்வளவு பதற மாட்டா."

நர்ஸ் கண்ணாடித் தடுப்பின் பின்னால் இருந்த டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் ஒரு பக்கத்தை அவிழ்த்தாள். மறுபக்கத்து முடிச்சை மகளுக்கே விட்டாள். "எனக்கும் பொண்ணு இருக்கும்மா" என்று முணுமுணுத்தாள், யாருக்கும் கேட்க வேண்டும் என்றில்லாமல்.

மகள் அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த நாற்காலி அவளுக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்று அவன் அறிய வழியில்லை. அவள் பட்டையின் தடம் பதிந்திருந்த மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள். பிறகு அம்மாவின் உள்ளங்கையை விரித்து, அதற்குள் தன் விரல்களை வைத்துப் பேச ஆரம்பித்தாள்.

என்ன பேசினாள் என்று அவனுக்குத் தெரியாது. விரல்கள் மடங்கின, தட்டின, வளைந்தன, நின்றன, ஒரு பதிலுக்குக் காத்திருப்பதுபோல. மறுபடி தொடங்கின. நடுவில் ஒரு தடவை சிரித்தாள்கூட. நீல வர்ணத்தைக் காட்டி எதையோ சொன்னாள். அன்றைக்குப் பள்ளியில் நடந்ததாக இருக்கலாம். ஐந்து நிமிஷம் என்று சொன்ன நர்ஸ் அரை மணி நேரமாகியும் வந்து கேட்கவில்லை.

அவனுக்குக் காது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டியின் சத்தம், சீராக, சொட்டுச் சொட்டாக. அதில் ஏதோ தவறப்போகிறது என்பது அவனுக்கு மற்றவர்களுக்கு முன்னாலேயே தெரிந்தது. இடைவெளி கொஞ்சம் நீண்டது. சரியாயிற்று. மறுபடி நீண்டது. அவன் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தான். எந்தக் கருவியை எடுத்து எந்தத் திருகை முடுக்குவது? சொட்டு. வெகு நேரம் கழித்து இன்னொரு சொட்டு. பிறகு விடாமல் ஒரே நீளச் சத்தம்.

நர்ஸ் வந்து சத்தத்தை நிறுத்தினாள். டாக்டர் வந்தார். மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கையைத் தவிர அவள் எதையும் பார்க்கவில்லை. விரல்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன. டாக்டர் அவள் தோளைத் தொடப் போனார்.

அவன் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"அவ சொல்லி முடிக்கட்டும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். மூவரும் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று அவனால் பிறகு சொல்ல முடியவில்லை. கடைசியில் விரல்கள் நின்றன. இந்தத் தடவை காத்திருந்த நேரம் நீண்டது. அவள் தலையைத் தூக்கினாள். நர்ஸைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

அவன் குனிந்தான். நேராக, மெதுவாக, சத்தமே வராமல் உதடுகளை மட்டும் அசைத்தான்.

"அம்மா போயிட்டா."

*

உடலைத் தர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். கையெழுத்துகள், சீட்டுகள், இந்தச் சன்னலில் இருந்து அந்தச் சன்னல். ஒரு படிவத்தில், இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. பேனா அங்கே கொஞ்சம் நின்றது. 'கணவன்' என்று எழுதினான். சன்னலுக்குள் இருந்தவர் பார்க்காமலே முத்திரை குத்தினார்.

மைத்துனன் அழைத்தான். அழுது முடித்திருந்தான், குரல் தட்டையாக இருந்தது. "எல்லாம் முடிஞ்சதும் பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர்லயும் அந்த மாதிரி ஸ்கூல் இருக்கு."

"சரி" என்று வாய் வரை வந்தது. "அவகிட்ட கேப்போம்" என்றான்.

"அவகிட்ட என்ன கேக்கறது? சின்னப் பொண்ணு."

"அவளைப் பத்தித்தானே பேசறோம். அவகிட்டயே கேப்போம். நீ வா முதல்ல."

பார்லர்க்காரி துணிமணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் தாழ்வாரத்து மரப் பெஞ்சில், பையை மடியில் அணைத்தபடி, சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அழுத முகம் வீங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவன் வாங்கி வந்திருந்த பன்னும் பாலும் பக்கத்தில் அப்படியே இருந்தன. பால் ஆடை கட்டிவிட்டது.

உடலை ஏற்றியிருந்த வண்டியின் ஓட்டுநர் தாழ்வாரத்துக் கோடியில் தலையை நீட்டி, "சார், ரெடி. கிளம்பலாமா?" என்றார்.

அவன் அவள் முன்னால் போய் நின்றான். கூப்பிட வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கை தோள்வரைக்கும் போய்த் திரும்பியது. தூக்கத்தில் தொட்டால் பயந்துகொள்வாளோ? அவள் அம்மா எப்படி எழுப்புவாள்? தலையைத் தடவியா, காலைத் தொட்டா, விளக்கை அணைத்துப் போட்டா? யாரைக் கேட்பது? ஓட்டுநர் இன்னொரு தடவை கூப்பிட்டார். அவன் பொறுங்கள் என்று கை காட்டினான்.

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உள்ளங்கையால் மரப்பலகையை மெதுவாகத் தட்டினான். ஒன்று, இரண்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு.

அவள் இமைகள் அசைந்தன. கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். பிறகு எல்லாம் தெரிந்து அவன் பக்கம் திரும்பினாள். பையின்மேல் இருந்த கைகள் எழுந்தன. எதையோ கேட்டன. வேகமாக, நீளமாக. கேள்வி என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

புரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டிருக்கலாம். அவன் ஆட்டவில்லை. புரியவில்லை என்று உதட்டை அசைத்துவிட்டு, நகர்ந்து அவளுக்கு நேரே உட்கார்ந்தான்.

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு கைகளை அவன் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, முதலிலிருந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள்.